ஏகலைவனுக்குப் பதுமை போதுமா?

துரோணர் மறுத்துவிட்டார். வேடர் குலத்துப் பிள்ளைக்கு வில்வித்தையா, ஆகாது என்றார். பிள்ளை வாதாடவில்லை, காட்டுக்குத் திரும்பினான். மண்ணைப் பிசைந்தான், மறுத்தவரின் உருவத்தையே பதுமையாக வடித்து நிறுத்தினான், அதன் முன்னே நின்று நாள்தோறும் அம்பெய்து பழகினான், தேறினான்! அரண்மனைப் பிள்ளைகளுக்கு ஆசான். ஏகலைவனுக்கோ ஆசானின் உருவம். பயிற்சிக் காலம் முழுவதும் ஒரு சொல் திருத்தம் சொல்ல வராத ஆசான், காணிக்கை கேட்க மட்டும் நேரில் வந்தார். கேட்டது எதை என்பதை நாடறியும்.

குருபக்திக்கு எடுத்துக்காட்டு என்று இந்தக் கதையைக் கூறிக் கண்கலங்கியோர் நம் நாட்டில் ஏராளம். கட்டைவிரலைப் பற்றிப் பேசிப் பேசி நாமும் ஒன்றைக் கவனியாது விட்டுவிட்டோம். விரல் போவதற்கு முன்பே வஞ்சனை நடந்து முடிந்துவிட்டது. ஆசானை நேரில் பெறும் உரிமை ஒரு சாராருக்கு, ஆசானின் சாயலைப் பார்த்துத் தானே முட்டி மோதிக் கற்கும் 'வாய்ப்பு' மற்றொரு சாராருக்கு என்று பிரித்தார்களே, அந்தப் பிரிவினைதான் முதல் வஞ்சனை.

பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். பதுமை புது உருவில் வந்திருக்கிறது, தோழர்களே! மண்ணால் அல்ல, கண்ணாடியால். அசையாமல் நிற்பதில்லை, பேசுகிறது, எழுதிக் காட்டுகிறது, நிறுத்தினால் நிற்கிறது, மீண்டும் சொல் என்றால் சலிப்பின்றிச் சொல்கிறது. வீட்டிலிருந்தபடியே கல்லூரி, உலகப் பேராசிரியர் உங்கள் உள்ளங்கையில், சாதி கேட்காது திரை, ஊர் கேட்காது, கட்டணமோ சொற்பம் - இணையவழிக் கல்லூரிப் படிப்புக்கு ஆதரவு தேடுவோர் பாடும் பல்லவி இது. இனிக் கட்டடம் ஏன், கரும்பலகை ஏன், மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஏன் என்று சரணமும் பாடத் தொடங்கிவிட்டனர்.

பொறியைக் கண்டு மிரளும் கூட்டத்தினர் அல்லர் நாம். சுவடியைப் பூட்டி வைத்திருந்தோரின் பிடியைத் தளர்த்தியது அச்சுப்பொறி என்பதை அறிந்தவர்கள். எனவே, திரை என்றதும் தீயது என்று தீர்ப்பெழுத மாட்டோம். அது என்ன வாக்களித்தது, என்ன செய்து காட்டியது, யாருக்குச் செய்தது என்று கணக்குக் கேட்போம். கணக்குக் கேட்பதற்கு ஏற்ற இடம் அமெரிக்கா. அங்கேதான் இந்தப் பதுமைக்குக் கோவில் கட்டினர்.

2011-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் துருன், பீட்டர் நார்விக் எனும் இருவர் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டனர். சேர்ந்தவர் 1,60,000 பேர்! முடித்தவர் ஏறத்தாழ 23,000 பேர். எந்தப் பேராசிரியரும் தம் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் காண முடியாத தொகை அது. அதைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்திற்கு ஸ்டான்போர்டிலேயே நேரில் வந்து அமர்ந்தவர் தொடக்கத்தில் 200 பேர்; சில வாரங்களில் அவர்கள் 30 பேராகக் குறைந்தனர். மற்றவர்களுக்குத் திரையே வசதியாக இருந்ததாம். பார்த்தீர்களா, செல்வப் பிள்ளைகளே வகுப்பறையைக் கைவிட்டனர் என்று பல்லவிக்காரர் துள்ளுவர். துள்ளட்டும். அந்த 170 பேரும் வகுப்பை விட்டார்களே ஒழிய ஸ்டான்போர்டை விடவில்லை. விடுதி இருந்தது, நூலகம் இருந்தது, ஐயம் வந்தால் கேட்க அடுத்த அறையில் நண்பன் இருந்தான், கதவைத் தட்டினால் பேராசிரியர் இருந்தார். எல்லாம் இருப்பவனுக்குத் திரை கூடுதல் வசதி. ஒன்றும் இல்லாதவனுக்கு அது மட்டுமே கல்லூரி என்றால்?

அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்தது. 2012-இல் உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்று நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. நியூயார்க் டைம்ஸ் ஏடு அந்த ஆண்டையே இத்தகைய படிப்புகளின் ஆண்டு என்று முடிசூட்டியது. 2013 சனவரியில் கலிபோர்னியாவின் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முன்னிலையில், சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகமும் துருனின் உடாசிட்டி நிறுவனமும் கைகுலுக்கின. மூன்று பாடங்கள்: அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல். பாடம் ஒன்றுக்கு 150 டாலர். கல்விச் செலவு ஏழையின் கழுத்தை நெரிக்கும் அமெரிக்காவில் இது மலிவு, மிக மலிவு. ஏழை மாணவரின் ஏணி இதுவே என்றனர்.

ஏணியில் ஏறியோர் கதையைக் கேளுங்கள். முதல் பருவத்தில், மூன்று பாடங்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேரோ அதற்கும் மேற்பட்டோரோ தேறவில்லை. அடிப்படைக் கணிதத்தில் நிலைமை படுமோசம். நால்வரில் ஒருவர் தேறுவதே அரிதாயிற்று. ஏற்கெனவே அந்தப் பாடத்தில் தோற்றவர்களைத்தான் அதிலே சேர்த்திருந்தனர் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால், தோற்றவனைத் தூக்கிவிடுவோம் என்றுதானே ஏணி சாத்தினார்கள்! ஓக்லண்டு நகரத்து ஏழைப் பள்ளி மாணவர் சிலரையும் சேர்த்திருந்தனர். பாடம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர்களிற் சிலர் வீட்டில் கணினியும் இல்லை, விரைவு இணையமும் இல்லை என்பது. உலகுக்கே கணினி செய்து விற்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து கூப்பிடு தொலைவில்!

2013 சூலையில் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தனர். கோடைக்காலச் சுற்றின் முடிவுகள் பின்னர் வெளியாயின. தேர்ச்சி கிடுகிடுவென ஏறியிருந்தது. மருந்து என்ன தெரியுமா? மாணவர் மாறியிருந்தனர். கோடையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்! நீந்தத் தெரிந்தவனைக் குளத்தில் தள்ளி, பார், மிதக்கிறான், குளத்தின் மகிமை என்று கூத்தாடுவது போன்றது இது. அந்த ஆண்டு நவம்பரில் துருனே ஒரு பேட்டியில் தம் சரக்கு மட்டமானது என்று ஒப்புக்கொண்டார். வாழ்க்கை இடர்களோடு, நல்ல கணினி வசதியின்றி வரும் மாணவர்க்கு இந்த முறை பொருந்தாது என்றும் கூறினார். அவரது ஒளிவுமறைவற்ற பேச்சைப் பாராட்டுகிறோம். ஆனால் அடுத்து அவர் செய்தது, பொருந்தாத மாணவருக்குப் பொருந்தும் முறையைத் தேடுவதன்று. தொழில் நிறுவனங்களுக்கான பயிற்சியின் பக்கம் கடையைத் திருப்பிக்கொண்டார்.

சான் ஹோசே ஒரு விதிவிலக்கு என்று தட்டிக்கழிக்க வழியில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் கோர்செராவில் நடத்திய பாடங்களில் சேர்ந்தோரை 2013-இல் விசாரித்தபோது, எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே உயர்கல்விப் பட்டம் வைத்திருந்தனர். இந்தியா, பிரேசில், சீனா, உருசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து சேர்ந்தோரில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர், அந்நாடுகளின் செல்வமும் கல்வியும் மிக்க மேல்தட்டு ஆறு விழுக்காட்டைச் சேர்ந்தவர்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆய்ந்து, 2019-இல் 'சயன்ஸ்' ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் சேர்ந்தவரில் முடித்தவர் நூற்றுக்கு மூவர்! கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது, உண்மை. உள்ளே நடந்து போனவர் யார்? முன்னரே உள்ளே இருந்தவர்!

இந்த ஆரவாரத்தின் நடுவே, அதே சான் ஹோசேயின் தத்துவத் துறை ஆசிரியர்கள் 2013 ஏப்ரல் இறுதியில் ஒரு திறந்த மடல் எழுதினர். நீதி பற்றி ஹார்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் ஆற்றிய விரிவுரைப் படங்களைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்துமாறு அவர்களிடம் கூறப்பட்டது. மறுத்தனர், மறுத்ததன் காரணத்தைச் சாண்டலுக்கே எழுதினர். அவர்கள் அஞ்சியது, இருவகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் என்பது. வசதி படைத்த மாணவர் பேராசிரியரோடு நேரில் பேசுவர். வசதியற்ற மாணவர் அந்தப் பேச்சின் படத்தைப் பார்ப்பர். நீதியைப் பற்றிய பாடத்தையே இப்படி அநீதியாகப் பங்கிடுவதா? சாண்டலும் தம் பாடம் உடன் ஆசிரியர்களுக்குக் கேடாகப் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்று மறுமொழி கூறினார். துரோணருக்கு இல்லாத பண்பு!

எட்டாயிரம் கல் தொலைவில், நம் கதையே அறியாத ஆசிரியர்கள், பதுமையின் சூதை நம்மைவிடத் தெளிவாகக் கண்டனர் என்பதை எண்ணும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் திரையை உடைத்தெறிவோமா? வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனையை விட்டுவிட்டால் நாம் கட்சி கட்டிப் பேசியவர்களாவோம். 2012 இலையுதிர் பருவத்தில், மின்சுற்றுகள் பற்றிய எம்.ஐ.டி. பாடத்தின் படங்களை மாணவர் வீட்டில் பார்த்துவிட்டு வரச் செய்தனர். வகுப்பு நேரம் முழுவதும் ஆசிரியர் உடனிருக்கக் கணக்குகளைக் கூடிச் செய்தனர். தேர்ச்சி 91 விழுக்காடு! வழக்கமான வகுப்புகளில் அது அறுபதைக்கூட எட்டவில்லை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே காலகட்டம். ஓரிடத்தில் திரை ஆசிரியருக்குத் துணையாக வந்தது. மற்றோரிடத்தில் ஆசிரியருக்குப் பதிலாக வந்தது.

தொலைவிலிருந்து கற்பிப்பதே குற்றம் என்றால் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெற்றி பெற்றிருக்காது. 1969-இல் பட்டயம் பெற்று, 1971-இல் ஏறத்தாழ 25,000 மாணவரோடு தொடங்கியது அது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. அதற்காகப் போராடிய அமைச்சர் ஜென்னி லீ, ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளியின் மகள். ஏழைக்கு என்பதால் இரண்டாந்தரம் கூடாது என்பதில் அந்த அம்மையார் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் பாடத்தைக் கொண்டுசென்றன என்பதையே பலரும் பேசுவர். மாணவர் எழுதியனுப்பிய கட்டுரையைத் திருத்த, பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதைப் பேசமாட்டார்கள். ஊர்தோறும் பயிற்சி மையம் இருந்தது. கோடையில் ஒரு வாரம் மாணவர் ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். அதற்கெல்லாம் பணம் செலவாயிற்று, செலவழித்தனர். மலிவு என்பதற்காக அவர்கள் அதைத் தொடங்கவில்லை.

வகுப்பறையின் குறைகளை நாமும் அறிவோம். தாள் மஞ்சளேறிப்போன பழைய குறிப்பேட்டைத் திறந்து, தலைநிமிராமல் படித்துக்காட்டி, மணியடித்ததும் மூடிக்கொண்டு போகும் பேராசிரியர் பெருமக்களிடம் நாமும் பயின்றிருக்கிறோம். அவர்கள் பொத்தான் இல்லாத திரை. நிறுத்தவும் முடியாது, திருப்பிச் சொல்லச் சொல்லவும் முடியாது! அத்தகைய வகுப்பைக் காக்கப் படை திரட்டுவது நம் வேலையன்று.

ஆனால், வகுப்பறை என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுந்தானா? நம் நாட்டு மாணவனை எண்ணிப் பாருங்கள். ஓரறை வீடு. அதே அறையில் அடுப்பு, அதே அறையில் பாட்டியின் இருமல், அதே அறையில் தம்பியின் அழுகை. அங்கே அமர்ந்து அவன் நுண்கணிதம் கேட்க வேண்டும். கல்லூரி அவனுக்கு முதலில் தருவது பாடத்தையன்று. உட்கார ஓர் இடத்தை, யாரும் ஏவாத ஆறு மணி நேரத்தை. பிறகு தருவது பக்கத்தில் ஒருவனை. எந்தத் தெரு என்று கேட்டுத் தள்ளி உட்காரும் ஊரிலிருந்து வந்தவன், எந்தத் தெரு என்று கேட்காமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைப்பவனை அங்கேதான் சந்திக்கிறான். திரை சாதி கேட்பதில்லை என்பது சரி. ஆனால் திரைக்கு முன் அமர்ந்திருப்பவன் அதே தெருவில், அதே வீட்டில்தானே அமர்ந்திருக்கிறான்! சாதி அவனை அங்கிருந்து எழுப்பவே இல்லையே!

பெண்ணின் நிலையோ இன்னும் கூர்மையானது. கல்லூரி என்பது அவளுக்கு வாசற்படி தாண்டும் உரிமைச் சீட்டு. பாடம் கைப்பேசிக்கு வந்துவிட்டால், எதற்கடி வெளியே போகிறாய் என்ற கேள்வியும் வந்துவிடும். குக்கரின் விசிலுக்கும் பேராசிரியரின் குரலுக்கும் இடையே அவள் ஓடிக்கொண்டிருப்பாள். பெருந்தொற்றுக்காகக் கல்லூரிகள் பூட்டிக் கிடந்த 2020-லும் 2021-லும் எத்தனையோ வீடுகளில் நாம் கண்ட காட்சி இது. தமிழகத்தில் 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. இவையெல்லாம் அவளை வெளியே கொண்டுவரும் செலவுகள். 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28 விழுக்காடு, தமிழகத்தில் 47 விழுக்காடு என்றால், பேருந்து போய்ச் சேரும் தொலைவில் கல்லூரி இருந்ததும் அதற்கொரு காரணம் என்றே கருதுகிறோம்.

பெருந்தொற்றுக்குச் சற்று முன் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 2017-18-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய ஆய்வில், இந்திய நாட்டுப்புற வீடுகளில் கணினி இருந்தது நூற்றுக்கு நான்கு வீட்டில். இணைய வசதி இருந்தது பதினைந்து வீட்டில். அதன்பின் கைப்பேசி பெருகிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அப்பன் வேலைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகும் கைப்பேசியை மகளின் கல்லூரி என்று கணக்கிட முடியுமா?

நம்மிடையேயும் பாராட்டத்தக்க முயற்சி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. வடிகட்டி வடிகட்டி ஆளைக் கழிக்கும் நுழைவுத் தேர்வு அதற்குத் தேவையில்லை. சில வாரப் பாடத்தைப் படித்து, அதிலே தேறினால் இடம். தேர்வை நேரில், மையத்தில் எழுத வேண்டும். வருமானம் குறைந்தோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு, வேறு வழியே இல்லாதிருந்தவர்களுக்கு, அது ஒரு கதவு. வாழ்க! ஆனால் அந்தக் கதவைக் காட்டி, கிண்டி வளாகத்துக்குள் யாருக்கு இடம் என்ற கேள்வியை மறக்கச் சொன்னால் நாம் மறக்கமாட்டோம். பதுமைக்கு முன் பயின்றவன் தேறிவிட்டான் என்பது, அரண்மனைக் கூடத்தில் அவனுக்கு இடம் மறுத்ததற்கு நியாயம் ஆகிவிடாது.

கவலைக்குரியது வேறோர் ஏற்பாடு. மைய அரசின் 'சுவயம்' இணையத்தளம் 2017 சூலையில் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை அதன் வழியே பயிலலாம் என்று 2016-இல் விதி செய்திருந்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஐந்து பாடங்களில் இரண்டு! தங்கள் கல்லூரியில் இல்லாத பாடத்தைப் பயில மாணவர்க்குக் கிடைத்த உரிமை என்று இதைப் படிக்கலாம். கிராமத்துக் கல்லூரியில் வானியல் கற்க விரும்பும் ஒரு மாணவிக்கு இது உண்மையிலேயே உரிமைதான். இன்னொரு விதமாகவும் படிக்கலாம். ஆசிரியர் இடங்கள் காலியாகவே கிடக்கும் கல்லூரிகள் உண்டு. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் சூட்டி, கௌரவத்துக்கு ஒவ்வாத ஊதியத்தில் ஆள் வைத்து ஓட்டும் துறைகள் உண்டு. அங்கே நிதிப் பொறுப்பாளர் இந்த விதியைப் படிக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது மாணவியின் வானியலா, மிச்சமாகும் சம்பளமா?

எந்தக் கல்லூரிகள் முதலில் திரைக்கு மாறும் என்பதை எவரும் ஊகிக்கலாம். பெருநகரத்து வசதிக் கல்லூரி மாறாது. அங்கே பெற்றோர் கேள்வி கேட்பர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் பயிலும் கல்லூரிதான் மாறும். அவன் வீட்டில் கேட்கத் தெரிந்தவர் இல்லை.

ஆகவே கல்லூரியில் பயிலும் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் துறையில் ஒப்பளிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, 2021-க்குப் பிறகு இணையவழிக்கு மாற்றப்பட்ட பாடங்கள் எவை, அவற்றைக் கற்பித்து வந்தவர் இப்போது எங்கே? நான்கு கேள்விகள், ஒரே தாள் போதும். அரசுக் கல்லூரியாயினும் அரசு உதவி பெறும் கல்லூரியாயினும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் விடை தந்தாக வேண்டும். வந்த விடையை நமக்கு அனுப்பி வையுங்கள். கல்லூரிவாரியாக அச்சிடுவோம்.